வெள்ளி நுண்துகள்களை ஆக்கும் பாக்டீரியா

தென் அந்தமானிலுள்ள பத்துபஸ்தியில் ஓர் இல்லத்தரசி, இரவில் காய்ச்சி ஆற்றிய பாலில் ஒரு கரண்டி மோரை உறையாக ஊற்றி வைக்கிறார். பொழுது விடிவதற்குள் பால் தயிராகி விடுகிறது. இதனைச் செய்பவை லாக்டோபாசில்லஸ் முதலிய பாக்டீரியாக்கள் என்பது பள்ளி மாணவரும் அறிந்ததே. அவை பாலிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலத்தினால் பாலின் புரதம் உறைகிறது. மோரிலுள்ள இதே இனப் பாக்டீரியாக்கள் வெள்ளி உப்பின் கரைசலில் இடப்பட்டால், அக்கரைசலிலிருந்து வெள்ளி உலோகத்தைப் பிரித்துத் தம் உடலின் எல்லைக்குள் படிகங்களாகச் சேர்த்து வைக்கின்றன. 2002-ஆம் ஆண்டில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பி. நாயர், டி. பிரதீப் ஆகியோர் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர்.

கண்ணுக்குப் புலனாகாத ஓர் உயிர், உலோகத்தை ஆக்குவது எவ்வாறு? அவ்வாறு ஆக்கப்பட்ட வெள்ளியினால் மக்களுக்கு என்ன பயன்? அதனைக் கையாளுவோர் மேற்கொள்ள வேண்டிய எச்சரிக்கை யாது? இவ்வினாக்கள் ஆராய்ச்சிக் கூடத்தோடு நின்றுவிடுபவை அல்ல. குடிநீரைத் தூய்மை செய்யும் சாதனங்களில் வெள்ளி நுண்துகள்கள் இடம்பெற்றுவிட்டன. கோடை மாதங்களில் நீருக்கு நெருக்கடி ஏற்படும் தீவுகளில் பணிபுரியும் களப் பணியாளரும் ஆசிரியரும், இவற்றின் நன்மையையும் அபாயத்தையும் ஒருங்கே அறிந்திருத்தல் அவசியம்.

துகளின் அளவு

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால், அவற்றுள் ஒரு கூறு ஒரு நானோமீட்டராகும். ஏறத்தாழ 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள துகள்களையே நானோ துகள்கள் என்றும், நுண்துகள்கள் என்றும் வழங்குகின்றனர். சாதாரணப் பாக்டீரியா ஒன்றின் நீளம் 1,000 நானோமீட்டருக்குக் குறைவதில்லை எனக் கொண்டால், 20 நானோமீட்டர் அளவுள்ள 50 துகள்களை வரிசையாக வைத்தால்தான் அந்நீளத்தை எட்டும்.

பொருள் சிறிதாகச் சிறிதாக, அதன் எடையை நோக்க அதன் மேற்பரப்பு பெருகுகிறது. இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒவ்வொரு பக்கமும் 1 சென்டிமீட்டர் கொண்ட வெள்ளிக் கனசதுரம் ஒன்றின் எடை ஏறத்தாழ 10.5 கிராம். அதன் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாகப் பிரித்தால், மொத்த மேற்பரப்பு பத்து லட்சம் மடங்காகி 600 சதுர மீட்டரை அடைகிறது. இது ஏறக்குறைய 15 சென்ட் நிலத்தின் பரப்பாகும். இரசாயன வினைகள் மேற்பரப்பிலேயே நிகழ்வதால், சிறிதளவு வெள்ளியும் நுண்துகளாக இருக்கும்போது பேராற்றல் பெறுகிறது.

நிறமும் மாறுபடுகிறது. நீரில் விரவிய தங்கத் துகள்கள் செந்நிறமாகத் தோன்றுவதை மைக்கேல் பாரடே 1857-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்தார். வெள்ளி நுண்துகள்கள் நீரில் மஞ்சள் அல்லது பழுப்பு நிறம் தருகின்றன. உலோகத்திலுள்ள எலெக்ட்ரான்கள் ஒளியலைக்கு இசைய ஒருங்கே ஊசலாடி, ஒளியின் ஒரு பகுதியைக் கவர்ந்து கொள்வதே இந்நிறத்திற்குக் காரணம்.

கிருமிகளைக் கொல்லும் தன்மை

வெள்ளி உப்புகள் கிருமிகளை அழிக்கும் என்பது மருத்துவத்தில் நெடுநாளாக அறியப்பட்டது. பிறந்த குழந்தைகளின் கண்களில் நீர்த்த வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு துளி இட்டுப் பார்வையைக் காக்கும் முறையை, ஜெர்மனியைச் சேர்ந்த கிரெடே என்னும் மருத்துவர் 1881-ஆம் ஆண்டில் வெளியிட்டார். தீக்காயங்களுக்குப் பூசும் வெள்ளி சல்பாடயசின் என்னும் மருந்து 1968-ஆம் ஆண்டில் அறிமுகமாயிற்று.

இவற்றில் செயற்படுவது வெள்ளி அயனியாகும். ஓர் எலெக்ட்ரானை இழந்த வெள்ளி அணுவே வெள்ளி அயனி. அது கிருமியின் புரதங்களிலுள்ள கந்தகப் பகுதிகளைப் பற்றிக் கொண்டு, உயிரணுவின் சவ்வையும், அது சக்தி பெறும் சுவாசத் தொடரையும் சீர்குலைக்கிறது. நுண்துகளின் பரப்பிலிருந்து இந்த அயனிகள் சிறிது சிறிதாக வெளிப்படுவதால், துகளானது அயனிகளின் சேமக்கலம் போலப் பயன்படுகிறது.

நெல் உமியின் சாம்பலில் வெள்ளி நுண்துகள்களைப் படியவைத்த நீர்வடிகட்டி ஒன்று 2009-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றொரு முறையில், லிட்டருக்கு ஏறத்தாழ 40 மைக்ரோகிராம் அளவில் வெள்ளி அயனி நீரில் கலக்குமாறு குறுமணிகள் அமைக்கப்பட்டன. இவை பாக்டீரியாவைக் கொண்டு ஆக்கப்பட்டவை அல்ல. ஆயினும், வெள்ளித் துகளுக்கு ஏற்பட்ட தேவையையும், அதனை அளவோடு பயன்படுத்த வேண்டியதையும் இவை காட்டுகின்றன.

நஞ்சை உலோகமாக்கும் உயிர்

வெள்ளி பாக்டீரியாவுக்கு நஞ்சு என்றால், பாக்டீரியா வெள்ளித் துகளை எவ்வாறு ஆக்க முடியும்? இவ்வினாவே இப்பாடத்தின் மையம். தீங்கு செய்வது கரைந்துள்ள அயனி. அந்த அயனிக்கு ஓர் எலெக்ட்ரான் கிடைத்தால் அது உலோக அணுவாகிறது. உலோக அணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து துகளாகின்றன. எலெக்ட்ரானைப் பெறும் இச்செயலை இரசாயனத்தில் ஒடுக்கம் என்பர். அயனி துகளாகிவிட்டால் அதன் வேகம் தணிகிறது. ஆகவே, துகளாக்கம் பாக்டீரியாவின் தற்காப்பு முறைகளுள் ஒன்றாக அமையக் கூடும்.

இதற்குச் சிறந்த சான்று சூடோமோனாஸ் ஸ்டட்செரி என்னும் பாக்டீரியாவின் ஏஜி 259 என்ற வகை. இது ஒரு வெள்ளிச் சுரங்கத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. சுவீடன் நாட்டின் உப்சாலாவைச் சேர்ந்த டான்யா கிளாஸ் முதலானோர், செறிந்த வெள்ளி நைட்ரேட் கரைசலில் இதனை வளர்த்தபோது, அதன் உயிரணுவின் உட்சவ்வுக்கும் வெளிச்சவ்வுக்கும் இடையில் வெள்ளிப் படிகங்கள் திரண்டிருப்பதைக் கண்டு 1999-ஆம் ஆண்டில் அறிவித்தனர். முக்கோண வடிவிலும் அறுகோண வடிவிலும் அமைந்த அப்படிகங்களுள் சில 200 நானோமீட்டர் வரை பெரியவை.

எலெக்ட்ரானைத் தருவது எது என்பதில் ஒரே விடை இல்லை. நைட்ரேட்டை ஒடுக்கும் என்சைம் இதில் பங்கு கொள்கிறது என்று சில பாக்டீரியாக்களைப் பற்றிய ஆய்வுகள் கூறுகின்றன. உயிரணுச் சுவரிலுள்ள புரதங்களும் சர்க்கரைப் பொருள்களும் தாமே அயனிகளைப் பற்றி ஒடுக்குவதும் உண்டு. உயிரற்ற, உலர்ந்த பாக்டீரியாவும் வெள்ளியை ஒடுக்கியிருப்பது இதற்கு ஆதாரமாகும். எனவே, துகள் தோன்றுவதற்கு உயிர்ச்செயல் எப்போதும் இன்றியமையாதது என்று மாணவருக்குக் கற்பித்தல் பொருந்தாது.

இந்திய ஆய்வுகள்

முதலில் கூறிய சென்னை ஆய்வில், மோரிலுள்ள லாக்டோபாசில்லஸ் வகைகள் வெள்ளி, தங்கம், இவ்விரண்டின் கலப்பு ஆகியவற்றின் படிகங்களை ஆக்கின. முதலில் மிகச் சிறு அணுத்திரள்கள் தோன்றி, அவை ஒன்றோடொன்று இணைந்து பெரிய படிகங்களாயின. படிகங்கள் பல உள்ளே வளர்ந்த போதிலும் பாக்டீரியாவின் புற உருவம் சிதையவில்லை என்பது கவனிக்கற்பாலது.

பூனாவிலுள்ள தேசிய இரசாயன ஆராய்ச்சிச் சாலையில் முரளி சாஸ்திரி, அப்சார் அகமது முதலானோர் பூஞ்சைகளை ஆராய்ந்தனர். 2001-ஆம் ஆண்டில் வெர்டிசில்லியம் என்னும் பூஞ்சையின் இழைகளுக்குள் வெள்ளித் துகள் தோன்றுவதை வெளியிட்டனர். 2003-ஆம் ஆண்டில், பியூசேரியம் ஆக்சிஸ்போரம் என்னும் பூஞ்சை, துகள்களைத் தன் உடலுக்கு வெளியே கரைசலிலேயே ஆக்குவதைக் காட்டினர். இவ்வேறுபாடு நடைமுறையில் மிக முக்கியமானது. துகள் உள்ளே இருந்தால், உயிரணுவை உடைத்துத்தான் அதனை எடுக்க வேண்டும். வெளியே தோன்றினால், வடித்துப் பிரித்தல் எளிது.

விருதுநகர் மாவட்டம் கிருஷ்ணன்கோவிலிலுள்ள கலசலிங்கம் பல்கலைக்கழகத்தினர், பாசில்லஸ் லைக்கெனிபார்மிஸ் என்னும் பாக்டீரியாவைக் கொண்டு ஏறத்தாழ 50 நானோமீட்டர் அளவுள்ள வெள்ளித் துகள்களை ஆக்கி 2008-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பாக்டீரியாவை நீக்கிய வளர்ப்புத் திரவமே துகளாக்கத்திற்குப் போதுமானது என்பதையும் அவர்கள் காட்டினர். ஐதராபாத்திலுள்ள உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தினர், அண்டார்க்டிகாவின் குளிரில் வாழும் பாக்டீரியாக்களைக் கொண்டு இதே செயலை நிகழ்த்தி 2011-ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

தீவு மக்களுக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு பரங்கிப்பேட்டையில் உள்ளது. அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையத்தில் கே. கதிரேசன் முதலானோர், அலையாத்திக் காட்டின் சேற்றிலிருந்து பெற்ற பெனிசில்லியம் பூஞ்சையினால் 5 முதல் 25 நானோமீட்டர் வரை அளவுள்ள வெள்ளித் துகள்களை ஆக்கி 2009-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டில், கடற்கரையிலிருந்து பெற்ற எஸ்செரீசியா கோலி என்னும் பாக்டீரியாவைக் கொண்டும் இதனைச் செய்தனர். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் அலையாத்திக் காடுகள் சுமார் 600 சதுர கிலோமீட்டர் பரவியுள்ளன. அக்காடுகளின் சேறு நுண்ணுயிர்ச் செல்வம் நிறைந்தது என்பதை இவ்வாய்வுகள் உணர்த்துகின்றன.

ஆய்வுக்கூடத்தில் செய்யும் முறை

பொதுவாகக் கையாளப்படும் முறை வருமாறு: பாக்டீரியாவை ஊட்டத் திரவத்தில் ஒரு நாள் வளர்க்கின்றனர். பின்னர் சுழற்சி இயந்திரத்தின் உதவியால் பாக்டீரியாவைப் பிரித்து, தெளிந்த திரவத்தை எடுத்துக் கொள்கின்றனர். அதனுடன் வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சேர்த்து, உரிய உஷ்ணநிலையில் குலுக்கி வைக்கின்றனர். வெள்ளி நைட்ரேட்டின் செறிவு லிட்டருக்கு 170 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிமோல், என்பது வழக்கம். சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ, சில வகைகளில் ஒரு நாள் கழிந்தோ, திரவம் பழுப்பு நிறம் கொள்கிறது.

நிறம் மாறியதைக் கண்டவுடன் துகள் தோன்றிவிட்டது என்று முடிவு கட்டுவது தவறு. ஊட்டத் திரவத்தில் பெரும்பாலும் சாதாரண உப்பு இருக்கும். வெள்ளி அயனியும் உப்பிலுள்ள குளோரைடும் சேர்ந்தால், தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவாகிய வெள்ளி குளோரைடு உண்டாகிறது. வெளிச்சம் பட்டால் அது கருக்கிறது. ஊட்டப் பொருள்களே ஒளியின் உதவியால் வெள்ளியை ஒடுக்குவதும் உண்டு. இவற்றைப் பாக்டீரியாவின் செயல் என மயங்கலாகாது.

ஆதலால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான குடுவைகள் கட்டாயம் தேவை. முதற் குடுவையில் பாக்டீரியா வளர்ந்த திரவமும் வெள்ளி நைட்ரேட்டும். இரண்டாவதில் பாக்டீரியா வளராத அதே ஊட்டத் திரவமும் வெள்ளி நைட்ரேட்டும். மூன்றாவதில் வெள்ளி சேர்க்காத, பாக்டீரியா வளர்ந்த திரவம் மட்டும் இருத்தல் வேண்டும். மூன்றையும் ஒரே உஷ்ணநிலையிலும் ஒரே இருளிலும் வைக்க வேண்டும். முதற் குடுவை மட்டும் நிறம் மாறினால்தான் பாக்டீரியாவின் பங்கைப் பற்றிப் பேச இடமுண்டு.

அதன் பின்னும் மூன்று சான்றுகள் வேண்டும். ஒளியை அளக்கும் கருவியில் 400 முதல் 450 நானோமீட்டர் வரையிலான அலைநீளத்தில் ஒளிக்கவர்ச்சி மிகுந்திருத்தல் முதற் சான்று. எக்ஸ்-கதிர்ச் சிதறலில் வெள்ளி உலோகத்தின் படிக அமைப்பு புலப்படுதல் இரண்டாவது. எலெக்ட்ரான் நுண்நோக்கியில் துகளின் அளவும் வடிவும் காணப்படுதல் மூன்றாவது.

பயனும் வரம்பும்

சோடியம் போரோஹைட்ரைடு, சிட்ரேட் முதலிய பொருள்களைக் கொண்டு வெள்ளித் துகள்களை ஆக்கும் இரசாயன முறைகள் முன்பே உள்ளன. அவற்றை நோக்கப் பாக்டீரியா முறைக்குச் சில சிறப்புகள் உண்டு. அது நீரிலேயே, சாதாரண உஷ்ணநிலையில், கடுமையான ஒடுக்கப் பொருள்களின்றி நிகழ்கிறது. மேலும், பாக்டீரியாவிலிருந்து வரும் புரதங்கள் துகளின் மேல் போர்வை போலப் படிந்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் காக்கின்றன.

குறைகளும் உள. துகளின் அளவு ஒரே சீராக அமைவதில்லை. ஒரு முறை வளர்த்த பாக்டீரியாவுக்கும் மறுமுறை வளர்த்ததற்கும் விளைவு வேறுபடுகிறது. துகளைத் தூய்மை செய்வதற்கு உழைப்பும் பொருளும் செலவாகின்றன. நோய் விளைக்கும் பாக்டீரியாவைப் பயன்படுத்தினால், அதனைக் கையாளும் அபாயமும் சேர்கிறது. இயற்கை முறையில் ஆக்கப்பட்டது என்பதனால் வெள்ளியின் நச்சுத்தன்மை நீங்கிவிடுவதில்லை. பாக்டீரியா ஆக்கிய வெள்ளியும் வெள்ளியே.

எச்சரிக்கை

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012-ஆம் ஆண்டுக் குடிநீர் நெறிப்படி, ஒரு லிட்டர் நீரில் வெள்ளி 0.1 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. மேற்கூறிய ஆய்வுக் கரைசல் ஒரு லிட்டரில் 170 மில்லிகிராம் வெள்ளி நைட்ரேட் உள்ளது. அதிலுள்ள வெள்ளி மட்டும் 108 மில்லிகிராம். இதனை அனுமதிக்கப்பட்ட அளவுக்கு நீர்க்கச் செய்ய 1,080 லிட்டர் நீர் தேவைப்படும். ஜல் ஜீவன் திட்டம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீரை அளவாகக் கொள்கிறது. அவ்வளவின்படி, ஐவர் உள்ள குடும்பத்திற்கு ஏறக்குறைய நான்கு நாட்களுக்குப் போதுமான நீரை, சாக்கடையில் கொட்டிய ஒரு லிட்டர் கழிவு கெடுத்துவிடக் கூடும். நீர்வாழ் சிற்றுயிர்களுக்கோ, லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் வெள்ளி அயனியே தீங்காக முடியும். ஓடைகள் விரைவில் கடலையும் அலையாத்திக் காட்டையும் சென்றடையும் தீவுகளில் இது பெருங் கவலைக்குரியது.

மற்றோர் அபாயம் கிருமிகள் வெள்ளிக்குப் பழகிவிடுதல். அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவில், வெள்ளி நைட்ரேட்டுக்கு அழியாத சால்மோனெல்லா கிருமி தோன்றியது 1975-ஆம் ஆண்டில் மருத்துவ இதழில் வெளியாயிற்று. அவ்வெதிர்ப்பைத் தரும் ஜீன்கள் 1999-ஆம் ஆண்டில் விளக்கப்பட்டன. அவை ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லக் கூடியவை. வெள்ளியைத் தேவையற்ற பொருள்களிலெல்லாம் கலப்பது, தீக்காயமுற்றோருக்கு உதவும் ஒரு மருந்தை வலுவிழக்கச் செய்வதாகும்.

வெள்ளி கலந்த நீரை மருந்தென நம்பி நெடுநாள் அருந்துவோருக்குத் தோல் நீலம் கலந்த சாம்பல் நிறமடையும் ஆர்கிரியா என்னும் நிலை உண்டாகலாம். அந்நிறம் பெரும்பாலும் மாறுவதில்லை.

ஆசிரியருக்கும் களப் பணியாளருக்கும்

பள்ளிகளில் பாக்டீரியாவையும் வெள்ளி நைட்ரேட்டையும் சேர்த்துச் செய்யும் பரிசோதனை வேண்டுவதில்லை. தயிர் உறைதலைக் காட்டி பாக்டீரியாவின் இரசாயன ஆற்றலை விளக்கலாம். கனசதுரக் கணக்கைக் கரும்பலகையில் செய்வித்து, சிறுமைக்கும் மேற்பரப்புக்கும் உள்ள தொடர்பை உணர்த்தலாம். மூன்று குடுவைகளின் படத்தை வரைந்து, ஒவ்வொன்றும் எதற்காக வைக்கப்படுகிறது என்று மாணவரைக் கேட்கலாம். வெள்ளி சேர்த்த மோரையோ நீரையோ எவரும் சுவைத்துப் பார்க்கலாகாது.

இரசாயன வகுப்பில் எஞ்சும் வெள்ளிக் கழிவைத் தனிப் பாட்டிலில் பெயர் எழுதிச் சேர்த்து, கழிவுகளைப் பெறும் ஆய்வுக்கூடத்தில் ஒப்படைத்தல் வேண்டும். அதனுடன் அம்மோனியா சேர்ந்த கரைசலை வைத்தல் கூடாது. அதிலிருந்து வெடிக்கும் தன்மையுள்ள பொருள் உண்டாகலாம்.

களப் பணியாளர், வெள்ளி கொண்ட நீர்வடிகட்டிகளைப் பயன்படுத்தும் இல்லங்களில் மூன்று செய்திகளைத் தெரிவித்தல் நலம். முதலாவது, வடிகட்டியின் உட்பகுதியைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். இரண்டாவது, நீர் கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவைத்து வடித்த பின்னரே அதில் ஊற்ற வேண்டும். மூன்றாவது, வெள்ளி கிருமிகளைக் கட்டுப்படுத்துமேயன்றி நீரிலுள்ள உப்பை நீக்காது. கிணற்று நீரில் கடல் நீர் கலந்து உவர்ப்பேறினால், அதற்கு இவ்வடிகட்டி தீர்வாகாது.

தனக்கு நஞ்சான அயனியைப் பாக்டீரியா துகளாக மாற்றி அடக்கி வைக்கிறது. அத்துகளிலிருந்து மீண்டும் சிறிதளவு அயனியை வெளிப்படச் செய்தே மனிதன் நீரிலுள்ள கிருமிகளை ஒழிக்கிறான். இரு செயல்களிலும் பயனுக்கும் தீங்குக்கும் இடையே நிற்பது அளவு ஒன்றே. லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்னும் அவ்வெல்லையை நினைவிற் கொண்டு வெள்ளியைக் கையாளுதல், அதனை ஆக்குவோருக்கும் பயன்படுத்துவோருக்கும் பொதுவான கடமையாகும்.